பம்பருக்குப் பின்னால்

ஊர்ப் பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் எங்கள் தெருவில்தான் முதலில் வந்து விசாரிப்பார்கள். சாக்கோட்டையிலிருந்து சைக்கிள் மிதித்தால் முக்கால் மணி நேரம், அது போதும். வீடுதான் அங்கே. என் பட்டறை காரைக்குடியில், தேவகோட்டை ரோட்டில், ஒரு புளியமரத்துக்குக் கீழே. பட்டாளத்தில் பதினாறு வருஷம் வண்டி ரிப்பேர் பார்த்துவிட்டு வந்து போட்ட தகரக் கொட்டகை. இடுப்பைப் பட்டாளத்திலேயே விட்டுவிட்டு வந்தேன். வண்டிக்கு அடியில் படுத்தால் எழுந்திருக்க இரண்டு பேர் தூக்கிவிட வேண்டும் என்று வீட்டில் கேலி பேசுவார்கள். கேலிதான், ஆனால் பொய்யில்லை.

எழுபதாம் வருஷம் சித்திரையில் கருத்தையா தன் லாரியோடு வந்து நின்றார். எங்கள் ஊரில் பெரிய நிலக்காரர் வீட்டுப் பிள்ளை. கோயில் காரியமெல்லாம் அவர் வீட்டைச் சுற்றித்தான் நடக்கும். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். அவர் என்னை நீ என்பார், நான் அவரை ஐயா என்பேன். பட்டாளத்தில் கேப்டன்கூட என்னை மிஸ்டர் போட்டுக் கூப்பிட்டிருக்கிறார். ஊருக்கு வந்தால் அதெல்லாம் எடுபடாது.

"என்ன மாயக்கண்ணா, சோலி நெறையக் கெடக்கா?"

"வாங்கய்யா. கெடக்கு. வண்டிக்கு என்ன?"

"வண்டிக்கு ஒண்ணுமில்ல. முன்னாடி ஒரு விஞ்சு வைக்கணும். பம்பருக்குப் பின்னாடி. வெளிய தெரியவே கூடாது."

விஞ்சு என்றால் இரும்பு உருளை, அதில் சுற்றிய கம்பிக் கயிறு. என்ஜின் அதைச் சுழற்றும், கயிறு சுருண்டுகொண்டே வரும், மறுமுனையில் கட்டியிருப்பது வந்துதான் ஆக வேண்டும். சேற்றில் புதைந்த வண்டிகளை இழுக்கப் பட்டாளத்தில் தினமும் அதைத்தான் இயக்கிக்கொண்டிருந்தேன். மறைத்து வைக்கச் சொல்லி அங்கே ஒருவரும் கேட்டதில்லை.

"எதை இழுக்கப் போறீக?"

அவர் புளியமரத்தை அண்ணாந்து பார்த்தார். "தேரை."

போன வருஷம் எங்கள் ஊர்த் தேர் பதினொரு நாள் தெருவில் நின்றது. இழுக்க ஆளில்லை. நிலக்காரர் வீட்டுப் பிள்ளைகள் மதராசுக்கும் மதுரைக்கும் உத்தியோகத்துக்குப் போய்விட்டார்கள். செட்டியார் வீடுகளில் பாதி பூட்டிக் கிடக்கின்றன. சுற்றிலும் உள்ள நாலு ஊர்க்காரர்களுக்கு வடம் பிடிக்கும் உரிமை உண்டு. உரிமைக்கு நாலு பேர் வந்து, வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மிஷின் வைத்து இழுக்கிறோம் என்று தெரிந்தால் அந்த நாலு பேரும் மரியாதை போச்சு என்று சண்டைக்கு வருவார்கள். அதனால்தான் மறைவு.

நான் கேட்காமல் இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"எங்க தெருவுல எரநூறு ஆம்பளைக இருக்கோம்யா. ஒரு வார்த்த சொன்னா ஒரே மூச்சுல கொண்டுபோய் நிலையில விட்ருவோம்."

"அது எனக்குத் தெரியாதா? அது நம்ம கையிலயா இருக்கு?"

"யாரு கையில இருக்கு?"

"ஊரு கையில."

ஊர் என்பது அவரும் அவர் சித்தப்பாக்கள் ஏழு பேரும்தான். எங்கள் தெரு ஆட்கள் வடத்தைத் தொடக் கூடாது. தேரோட்டத்தன்று தேர் வீதிக்குள் கால் வைக்கவும் கூடாது. ஊரணிக் கரையில் நின்று கும்பிட்டுக்கொள்ளலாம். இரும்பு தொடலாம், கிரீஸ் தொடலாம், நாங்கள் தொடக் கூடாது. எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. முடியாது, வேறு பட்டறை பாருங்கள் என்று சொல்ல நாக்கு வரை வந்துவிட்டது.

சொல்லவில்லை. காரணம் என் மகள் முத்தழகு.

எங்கள் ஊரில் காப்புக் கட்டிவிட்டால் தேர் நிலைக்கு வந்து சேரும்வரை எந்த வீட்டிலும் கல்யாணம் கிடையாது. வேறு ஊரில் வைத்துத் தாலி கட்டலாமே என்றால், அதற்கும் வழியில்லை. மஞ்சள் பூசிய பெண் அந்த நாட்களில் எல்லையைத் தாண்டக் கூடாது. இந்தக் கட்டுப்பாடு தேரைத் தொடுகிறவர்களுக்கு மட்டும் என்றால் நியாயம். எங்கள் தெருவுக்கும் அதே கட்டுப்பாடுதான். தேரில் எங்களுக்குப் பங்கில்லை, தேர் நின்றால் மட்டும் முழுப் பங்கு.

மாப்பிள்ளை பொன்னழகு பட்டாளத்தில், ஜபல்பூரில் இருந்தான். சிவகங்கைப் பக்கத்துக் குடும்பம், தங்கமான பையன். கல்யாணத்துக்கு என்று இருபது நாள் லீவு வாங்கியிருந்தான். தேரோட்டம் வைகாசி இருபத்திரண்டு, கல்யாணம் இருபத்தேழு, அவன் ரயிலேறுவது ஆனி இரண்டு. போன வருஷம் மாதிரி தேர் பதினொரு நாள் நின்றால் அவன் தாலி கட்டாமல் திரும்ப வேண்டியதுதான். அடுத்த லீவு எப்போது என்று அவனுக்கே தெரியாது. முத்தழகுக்கு வயது இருபத்து மூன்று. ஏற்கெனவே இரண்டு இடம் கூடி வந்து கலைந்துபோனது.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். என் மனைவி பொன்னுத்தாயி அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பவேயில்லை.

"ஏன் யோசிக்கிறீக? செஞ்சு குடுங்க."

"நம்ம கை படக் கூடாதாம். நம்ம செஞ்ச மிஷினு படலாமாம்."

"படட்டும். கோவத்த அப்புறமா படுங்க. புள்ளைய மொதல்ல கரையேத்துங்க."

மறுநாள் வேலையை ஆரம்பித்தேன்.

கருத்தையாவின் லாரி ஒரு காலத்தில் பட்டாளத்து வண்டிதான், ஏலத்தில் எடுத்தது. அதனால் ஒரு வசதி. கியர் பாக்ஸின் விலாவில் மூடி போட்ட வாய் ஒன்று இருந்தது. மூடியைக் கழற்றி, அங்கிருந்து ஒரு ஷாஃப்டை என்ஜினுக்குக் கீழே ஓட்டி முன்னால் கொண்டுவரலாம். விஞ்சும் மதுரையில் பட்டாளத்துக் கழிவுச் சாமான் கடையில் கிடைத்தது. துருப்பிடித்துப் பூட்டிக்கொண்டு கிடந்தது. மண்ணெண்ணெயில் மூன்று நாள் ஊறப்போட்டுப் பிரித்தேன். உள்ளே பற்கள் புதிதாக இருந்தன.

தொல்லை எல்லாம் இடத்தில்தான். ரேடியேட்டருக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு ஜாண்தான் இருந்தது. வண்டிச் சட்டத்தின் இரண்டு கொம்புகளையும் ஒன்பது அங்குலம் நீட்டி ரிவெட் அடித்து, விஞ்சை உள்ளே உட்கார வைத்து, பம்பரை முன்னால் தள்ளினேன். பழைய பம்பர் ஒல்லி. உருளை மேலும் கீழும் எட்டிப் பார்த்தது. தடித்த தகட்டை வளைத்து அகலமாகப் புதுசு ஒன்று செய்தேன். கயிறு வெளியே வர வழி வேண்டுமே. ஹேண்டில் போட்டு வண்டியைக் கிளப்புவதற்கு பம்பரின் நடுவில் ஓட்டை இருக்கும். அதையே கொஞ்சம் நீளமாக அறுத்து, கயிறு உரசாமல் ஓட உள்ளே இரண்டு சின்ன உருளை வைத்தேன். பார்த்தால் ஹேண்டில் ஓட்டைதான்.

கருத்தையா வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முகம் சுளித்தது.

"பழசுல எடது பக்கம் ஒடுக்கு இருக்குமே? சாக்கோட்டையில மாட்டு வண்டியில இடிச்சது. ஊருக்கே அந்த ஒடுக்கு தெரியும். இதுல காணமே?"

அகலமானதை விட்டுவிட்டார், ஒடுக்கைத் தேடுகிறார். சம்மட்டியை எடுத்து, நானே வளைத்து நானே மெருகு போட்ட தகட்டை இடது பக்கத்தில் ஓங்கி அடித்தேன். மூன்றாவது அடியில் ஒடுக்கு சரியாக விழுந்தது. அந்த ஒரு வேலை மட்டும்தான் மனசுக்கு இதமாக இருந்தது.

கம்பிக் கயிறு வெயிலில் மினுங்கும். காவிப் பொடியைக் கிரீஸில் குழைத்துப் பூசினோம். பத்தடி தள்ளி நின்றால் பழைய நார்க் கயிறு.

டிரைவர் நாகநாதன் கருத்தையாவுக்கு உறவு. விஞ்சுக்கான தனி லீவரை அவனுக்கு இரண்டு நாள் கற்றுக்கொடுத்தேன். பட்டறைக்குப் பின்னால் ஒரு அடிமரம் கிடந்தது, அதை இழுத்துப் பார்க்கச் சொன்னேன். வெடுக்கென்று போட்டான். கயிறு விறைத்துத் துள்ளி, கொட்டகைத் தகரத்தை ஒரு அறை அறைந்தது. கயிறு அறுந்து ஒருவன் கால் முழங்காலோடு போனதை நான் பார்த்திருக்கிறேன். தேரோட்டத்தன்று வீதியில் இரண்டு பக்கமும் ஆட்கள் நிற்பார்கள். அவர்கள் என்னைத் தொடவிடாதவர்கள்தான், அதற்காகக் கால் போக வேண்டுமா?

"லீவர நான்தான் பிடிக்கணும்யா. இவனால ஆகாது" என்றேன்.

கருத்தையா தகரத்தில் விழுந்த வடுவைப் போய்த் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "சரி. வண்டிக்குள்ளதானே இருக்கப் போற. கீழ குனிஞ்சு உக்காந்துக்க. தலை தெரிய வேணாம்."

அப்படியாக விஞ்சு பம்பருக்குப் பின்னால், நான் டாஷ்போர்டுக்குப் பின்னால்.

வைகாசி இருபத்திரண்டு காலையில் லாரியில் எட்டு டிரம் தண்ணீரும் இரண்டு டிரம் மோரும் ஏற்றினார்கள். பாரத்துக்குப் பாரம், சாக்குக்குச் சாக்கு. 'வடம் பிடிக்கும் அன்பர்களுக்கு நீர்மோர்' என்று துணி கட்டியிருந்தது. மோர் வண்டி ஏன் தேருக்கு எதிரே மூஞ்சியைக் காட்டிக்கொண்டு, சக்கரத்துக்குக் கல்லும் முட்டுக் கொடுத்துக்கொண்டு நிற்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு வடங்களுக்கும் நடுவே காவிக் கயிறு ஒன்று ஓடுவதையும் கேட்கவில்லை. எல்லாருக்கும் கண் இருந்தது.

நான் சீட்டுக்குக் கீழே பலகையில் முழங்காலை மடித்து உட்கார்ந்திருந்தேன். தலையில் துண்டு. கண்ணாடியின் கீழ் விளிம்புக்கு மேலே கண் மட்டும். வேட்டு வெடித்தது, கூட்டம் கத்தியது, நாகநாதன் கிளட்சை விட, நான் லீவரைத் தள்ளினேன். கயிறு விறைத்தது. தேர் ஒரு முறை முனகிவிட்டு நகர்ந்தது. வடங்கள் தொய்ந்துதான் கிடந்தன. பிடித்திருந்தவர்களோ கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டு வந்தார்கள். கயிறு சுருண்டு முடிந்ததும் வண்டியைப் பின்னுக்கு எடுப்போம், மறுபடி விரிப்போம், மறுபடி இழுப்போம். முதல் வீதி, இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி. என் முழங்கால் மரத்துப்போயிற்று. இடுப்புக்குள் யாரோ ஆணி இறக்குகிற மாதிரி இருந்தது.

நாலாவது திருப்பம் ஊரணிக் கரையை ஒட்டி. அதைத் தாண்டினால் நிலை தெரியும். திருப்பத்தில் தேரின் வலப்பக்கச் சக்கரம் மண்ணில் இறங்கிவிட்டது. மெதுவாகத்தான் கொடுத்தேன். பம்பருக்குள்ளே டிக்கென்று ஒரு சத்தம். ஷாஃப்ட் சும்மா சுற்றியது.

என்ன ஆனதென்று உடனே தெரிந்துவிட்டது. விஞ்சையும் ஷாஃப்டையும் சேர்க்க ஒரு சின்னப் பின் உண்டு. தாங்காத பாரம் வந்தால் கயிறு அறுவதற்கு முன்னால் அது ஒடிந்துகொள்ள வேண்டும், அதற்காகவே மெத்தென்ற இரும்பில் செய்வது. மாற்றுப் பின் என் சட்டைப் பையில் இருந்தது. பத்து நிமிஷ வேலை. ஆனால் வண்டியைவிட்டு இறங்கி, அத்தனை பேர் பார்க்க, பம்பருக்கு அடியில் படுக்க வேண்டும். என் கை விஞ்சைத் தொடும். விஞ்சிலிருந்து கயிறு, கயிறு தேரில். எவனாவது ஒருவன் தீட்டு என்று வாயைத் திறந்தால் போதும். தேருக்குச் சாந்தி செய்ய வேண்டும், அதற்கு நாள் பார்க்க வேண்டும், என் மகள் கல்யாணம் போயிற்று. இறங்காவிட்டால் தேர் இங்கேயே நிற்கும். அப்போதும் போயிற்று.

கருத்தையா கதவருகே வந்து காலடிப் பலகையில் ஏறினார். ரகசியமாகச் சொன்னேன். "கொண்டா, நான் மாட்டுறேன்" என்று பின்னை வாங்கிக்கொண்டு, பட்டு வேட்டியோடு மண்ணில் படுத்து அடியில் நுழைந்தார். அந்த மட்டுக்கும் அவரை மெச்ச வேண்டும். ஆனால் கைக்குத் தெரிய வேண்டுமே. கால் மணி நேரம் கழித்து மூஞ்சியெல்லாம் கிரீஸோடு வெளியே வந்தார்.

"ஓட்டையவே காணோம், மாயக்கண்ணா."

"இருக்கும்யா. திருப்பித் திருப்பிப் பாக்கணும்."

அவர் அங்கேயே நின்று யோசித்தார். பிறகு போய்த் தன் பெரிய சித்தப்பாவின் காதில் ஏதோ சொன்னார். கிழவர் தேருக்கு முன்னால் ஏறி நின்று இரண்டு கையையும் தூக்கினார்.

"தீவாராதன ஆகுது! அம்புட்டுப் பேரும் சாமியப் பாத்துத் திரும்புங்க! ஒருத்தரும் இங்குட்டுத் திரும்பப் படாது!"

மணி அடித்தது. வீதி முழுக்க முதுகாகிவிட்டது. நாகநாதன்கூட முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். "எறங்கு" என்றார் கருத்தையா, அவரும் திரும்பி நின்றபடி.

இறங்கிப் படுத்தேன். பின் ஓட்டையை விரல் தானாகக் கண்டுபிடித்தது. ஒடிந்த துண்டைத் தட்டி வெளியே எடுத்து, புதியதைச் செருகி, முனையை மடித்தேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. வெளியே வருமுன் ஒரு காரியம் செய்தேன். செய்திருக்க வேண்டியதில்லை. கையை நீட்டிக் காவிக் கயிற்றைத் தாண்டி, மண்ணில் கிடந்த வடத்தின் நுனியைப் பிடித்தேன். சும்மா பிடித்தேன். சொரசொரவென்று இருந்தது. ஒன்றும் ஆகவில்லை. எனக்கும் ஒன்றும் ஆகவில்லை, சாமிக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஐம்பது வருஷம் ஏங்கியது இதற்கா என்று அலுப்பாக இருந்தது. விட்டுவிட்டு, பம்பரைப் பிடித்துத் தொங்கி எழுந்து, வண்டியில் ஏறிக் குனிந்துகொண்டேன்.

விட்டு விட்டு இழுத்ததில் சக்கரம் மண்ணைவிட்டு ஏறியது, அந்தி விழுமுன் தேர் நிலைக்கு வந்துவிட்டது. ஒரே நாளில்! நாலு ஊர்க்காரர்களும் ஒருவரையொருவர் தட்டிக்கொடுத்துக்கொண்டார்கள். கருத்தையாவுக்குப் பரிவட்டம் கட்டினார்கள். லாரிக்கும் ஒரு மாலை வந்தது. நாகநாதன் அதை வாங்கி பம்பரில், ஒடுக்கு விழுந்த பக்கத்தில் மாட்டினான்.

குறித்த நாளில் முத்தழகு கல்யாணம் நடந்தது. சாப்பாடு குறைவில்லை, மழை இல்லை, சம்பந்தி வீட்டார் முகம் கோணவில்லை. ஆனி இரண்டாம் தேதி, மதுரையில் ரயில் பிடிக்கப் போகிறவர்களை பஸ் ஏற்றிவிட காரைக்குடிக்கு வந்தோம். பொன்னழகு பெட்டியை மேலே கட்டிக்கொண்டிருந்தான். முத்தழகு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏம்ப்பா, அன்னைக்கு லாரிக்கு அடியில போனது நீதானே?"

"அதுதான் எல்லாரும் திரும்பி நின்னாகளே. ஒனக்கு யாரு சொன்னது?"

"நாங்க ஊரணிக் கரையில நின்னோம்ப்பா. எங்களத் திரும்பச் சொல்லி யாரும் சொல்லல."

எங்கள் தெருவே பார்த்திருக்கிறது. பத்து நாளாக ஒருவரும் என்னிடம் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. என் மானத்தைக் காப்பாற்றுகிறார்களாம்.

"எனக்காகத்தானப்பா குனிஞ்ச? இனிமே நம்ம தெருவுல யாருக்குக் கல்யாணம்னாலும் நீ இப்படிக் குனியணுமா?"

"வேலைம்மா. வேலைன்னா குனியத்தான் வேணும்" என்றேன். அவள் நம்பவில்லை. பஸ் கிளம்பும்போது ஜன்னலில் அவள் அழுதது ஊரை விட்டுப் போவதற்காக மட்டுமில்லை.

மறு வருஷம் சித்திரையில் கருத்தையா லாரியோடு வந்து, லீவர் பிடிக்க வரச் சொன்னார். விஞ்சுக்குக் கிரீஸ் போட்டுக் கொடுத்தேன். அதில் குறை வைக்கவில்லை. "வாரேன்யா. ஆனா சீட்டுல நிமிந்து உக்காந்துதான் லீவரப் பிடிப்பேன். குனிய மாட்டேன்" என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை. பாக்கலாம் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தேரோட்டத்தன்று என்னைக் கூப்பிடவில்லை. நாகநாதனே லீவரைப் பிடித்து, இரண்டாம் வீதியிலேயே கைவசம் இருந்த பின்களையெல்லாம் ஒடித்துத் தீர்த்துவிட்டான். தேர் நின்றது. ஐந்து நாள், ஆறு நாள், ஏழு நாள். ஏழாம் நாள் சாயங்காலம் எதிர் வீட்டு அன்னக்கிளி வந்தாள். புருஷன் இல்லாதவள். அவள் மகள் கருப்பிக்கு மறுவாரம் கல்யாணம். மாப்பிள்ளை மலேயாவுக்குக் கப்பலேற வேண்டியவன், கப்பல் நாள் நெருங்கிவிட்டது. அவள் உட்காரவில்லை.

"அண்ணே, ஒன் மகளுக்குக் குனிஞ்சேல்ல?"

அவ்வளவுதான் கேட்டாள். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். பொன்னுத்தாயி கதவைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

எட்டாம் நாள் காலையில் ஒரு கை நிறையப் பின் கடைந்து பையில் போட்டுக்கொண்டு, யாரும் வந்து கூப்பிடாமல் நானே போனேன். லாரி ஊருக்கு வெளியே களத்தில் நின்றது. கருத்தையா பக்கத்தில் நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தார். ஏழு நாளில் ஆள் இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் பீடியைக் கீழே போட்டுவிட்டுக் கதவைத் திறந்துவிட்டார். நான் ஏறி, சீட்டை ஒரு தரம் பார்த்துவிட்டு, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, கீழே பலகையில் முழங்காலை மடித்து உட்கார்ந்தேன்.